இமைப்பொழுதும் நீண்டதே!

எழுத்தொலியின் அளவுக்கு மாத்திரை என்று பெயரிட்டு, ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் பொழுது அல்லது கை நொடிக்கும் பொழுது என்று நம் இலக்கண நூலார் வகுத்து வைத்தனர். காலத்தை அளக்க அவர்கள் தேர்ந்துகொண்ட கோல் மனிதனின் கண்ணிமையே ஆகும். அதைவிடச் சிறிய காலம் அன்றாட வாழ்வில் யாருக்கு வேண்டும்? ஆயினும் அந்த இமைக்குப் பின்னே, விழியின் உள்ளே, பார்வை என்னும் செயல் தொடங்கும் வேகத்தை நோக்கினால் இமைப்பொழுது ஓர் ஊழிக்காலமாகத் தோன்றும். அந்த வேகத்தை அளந்தறிந்த கதையை நம் சங்க இதழின் வாயிலாகத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதற்குமுன் என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

அப்பத்தாவின் மாலைக்கண்

எங்கள் ஊர் அகளி. கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே சென்றால், பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி மலைநாட்டில் வரும் ஊர். பவானியும் சிறுவாணியும் பாயும் நாடு அது. என் அப்பாரு கோவைப் பக்கத்திலிருந்து நிலம் தேடி அங்கே குடியேறியவர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கடைவீதியில் இரண்டும் என்று வளர்ந்தேன்.

நான் பத்தாம் வகுப்பில் படித்த ஆண்டில் அப்பத்தாவுக்கு ஒரு தொல்லை வந்தது. பகலில் எல்லாம் நன்றாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாது. ஒருநாள் அந்தியில் ஆட்டைப் பிடித்துக் கட்டப் போனவர் வரப்பில் தடுக்கி விழுந்தார். "வயசாச்சு, மாலைக்கண்ணு வந்திருச்சு" என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். நாங்களும் அதை ஒப்புக்கொண்டோம்.

அதே ஆண்டு என் உயிரியல் பாடத்தில் 'நிசாந்தத' என்று ஒரு நோய் இருந்தது. வைட்டமின் ஏ குறைந்தால் விழித்திரையில் ரொடாப்சின் என்னும் பொருள் குறையும்; மங்கிய ஒளியில் பார்வை கெடும். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. பிழையின்றி எழுதினேன், முழு மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் நிசாந்தத என்பதும் மாலைக்கண் என்பதும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று புத்தகத்தில் இருந்தது. மற்றொன்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

சில மாதங்கள் கழித்து வேறொரு காரணத்திற்காக அப்பத்தாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். என்ன சாப்பிடுகிறீர்கள், வயிறு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். அப்பாரு இறந்தபின் அப்பத்தா களியும் ரசமுமாகவே காலம் தள்ளிவந்தார். நெடுநாளாக வயிற்றுப்போக்கும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவர் வயிற்றுக்கு மருந்தும் வைட்டமின் ஏ-யும் கொடுத்து, கீரை, பால், முட்டை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சில வாரங்களில் அப்பத்தா அந்தியில் தாமே ஆட்டைப் பிடித்துக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இத்தனை படிச்சியே கண்ணு, உனக்குத் தெரியலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை விஞ்ஞானப் பட்டமேற்படிப்பு வரை இழுத்து வந்து, ஒளியை உணரும் புரதங்களை ஆராயும் கூடம் ஒன்றில் நிறுத்தியிருக்கிறது.

கண்ணுக்குள் முடங்கிய ஒரு மூலக்கூறு

நம் விழித்திரையில் இருவகை உயிரணுக்கள் ஒளியைப் பற்றுகின்றன. கூம்பு வடிவானவை பகலொளியிலும் நிறம் காண்பதிலும் பயன்படுவன. கோல் வடிவானவை மங்கிய ஒளிக்கு உரியன. ஒரு கண்ணில் ஏறத்தாழ 12 கோடிக் கோல்கள் உள்ளன. ஒவ்வொரு கோலுக்குள்ளும் தோசைகளை அடுக்கி வைத்தாற்போல் மெல்லிய தட்டுகள் இருக்கின்றன. அத்தட்டுகளின் சவ்வில் பதிந்திருப்பதே ரொடாப்சின்.

ரொடாப்சினில் இரு பகுதிகள் உண்டு. ஆப்சின் என்னும் புரதம் ஒன்று. 348 அமினோ அமிலங்கள் கோத்த இழை அது. ஏழு சுருள்களாகச் சவ்வுக்குள் நின்று நடுவே ஒரு குழியை அமைக்கிறது. அக்குழிக்குள் இருக்கும் சிறு மூலக்கூறு மற்றொன்று. அதன் பெயர் ரெட்டினால். அதில் கார்பன் அணுக்கள் 20. புரதம் தனியே கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பற்றாது; பற்றுவது ரெட்டினாலே. இருட்டில் அது பதினோராம் கார்பனுக்கும் பன்னிரண்டாம் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பில் முடங்கியிருக்கிறது. ஒளி பட்டதும் அந்தப் பிணைப்பு திருகி, முடக்கிய கை நீள்வதுபோல் மூலக்கூறு நிமிர்கிறது. நிமிர்ந்தது தன்னைச் சூழ்ந்த புரதத்தை நெருக்குகிறது, புரதம் உருமாறுகிறது, அதிலிருந்து தொடங்கும் செய்தி நரம்பு வழியாக மூளையை அடைகிறது. பார்வையில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இந்த ஒரு திருகல் மட்டுமே. இதைத் தெளிவாக்கிய அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் வால்டு 1967-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

இருட்டில் பழகிய கண்ணின் கூர்மை வியப்புக்குரியது. ஹெக்ட், ஷ்லேர், பிரேன் என்னும் மூவர் 1942-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, விழித்திரையில் 5 முதல் 14 வரையான ஒளித்துகள்கள் பற்றப்பட்டாலே மனிதன் ஒளியைக் கண்டதாக உணர்கிறான்.

இந்த ரெட்டினாலை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது; உணவிலிருந்தே பெறவேண்டும். பாலிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் ஈரலிலும் வைட்டமின் ஏ ஆயத்தமாக உள்ளது. முருங்கைக்கீரை, பப்பாளி, பரங்கி, கேரட் ஆகியவற்றிலோ பீட்டா கரோட்டின் என்னும் பொருளாக மறைந்திருக்கிறது. பீட்டா கரோட்டினின் கார்பன் அணுக்கள் 40. குடலின் சுவரில் ஒரு நொதி அதை நடுவே வெட்டுகிறது. நாற்பதை இரண்டாக வெட்டினால் இருபதும் இருபதும். ஆம், இரண்டு ரெட்டினால்! வயிறு கெட்டால், அல்லது உணவில் எண்ணெயும் நெய்யும் அறவே இல்லாவிட்டால், இது உடலில் சேர்வதும் குறையும். அப்பத்தாவின் கண்ணில் நிகழ்ந்தது இதுதான். கோல்கள் இருந்தன, அவற்றில் நிமிர்வதற்கு ரெட்டினால் போதவில்லை.

எத்துணை விரைவு?

அந்தத் திருகலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடியை இலட்சங்கோடிக் கூறாக்கி, அவற்றுள் ஒன்றை மீண்டும் ஆயிரம் கூறாக்கினால் கிடைப்பது ஃபெம்டோ நொடி. ரெட்டினால் நிமிர எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 200 ஃபெம்டோ நொடி. நொடியில் ஐந்தில் ஒரு பங்கை இமைப்பொழுது என்று கொண்டால், ஓர் இமைப்பொழுதில் இச்செயல் ஒன்றன்பின் ஒன்றாக இலட்சங்கோடி முறை நடந்துவிடலாம். நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளியும் 200 ஃபெம்டோ நொடியில் கடக்கும் தொலைவு 0.06 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். ஒளி மயிரிழை கடப்பதற்குள் பார்வையின் முதற்படி முடிந்துவிடுகிறது என்றால் மிகையன்று.

இதை அளக்கக் கடிகாரம் ஏது? எங்கள் ஊரில் ஐப்பசி மழை இரவில் மின்னல் வெட்டும்போது பார்த்திருக்கிறேன். ஓடும் ஆடு ஓடாமல் நிற்பதுபோலவும், விழும் மழைத்துளி வானில் தொங்குவதுபோலவும் தோன்றும். ஆடு நின்றதில்லை, வெளிச்சம் அத்துணைக் குறுகியது. அசைவை நிறுத்திப் பார்க்க, அசைவைவிடக் குறுகிய மின்னல் வேண்டும். இந்த மின்னலைத் தருவதே லேசர்.

1960-ஆம் ஆண்டில் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். பின்வந்தோர் லேசர் ஒளியைச் சிறுசிறு துடிப்புகளாக நறுக்கிக்கொண்டே வந்து, எண்பதுகளில் சில ஃபெம்டோ நொடியே நீளும் துடிப்புகளை எட்டினர். இத்துடிப்புகளால் வேதியியல் மாற்றங்களை நடக்கும்போதே கண்டறியும் துறையை வளர்த்த அகமது செவைல் 1999-இல் நோபெல் பரிசு பெற்றார்.

முறை எளியது. ஒரு துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறோம். முதலாவது மூலக்கூறைத் தட்டி எழுப்புகிறது. இரண்டாவது சற்றுப் பிந்தி வந்து அதன் நிலையைப் பார்த்துச் செல்கிறது. பிந்தும் நேரத்தை எப்படி அமைப்பது? இரண்டாவது துடிப்பின் வழியிலுள்ள கண்ணாடியைப் பின்னுக்குத் தள்ளி, அது கூடுதல் தொலைவு நடக்குமாறு செய்கிறோம். கண்ணாடியை 0.015 மில்லிமீட்டர் நகர்த்தினால் போகவும் வரவும் 0.03 மில்லிமீட்டர் கூடும். துடிப்பு 100 ஃபெம்டோ நொடி பிந்தும். காலத்தை அளக்கும் வேலை தொலைவை அளக்கும் வேலையாக மாறிவிடுகிறது. இவ்வாறு ரொடாப்சினின் திருகல் 200 ஃபெம்டோ நொடியில் முடிகிறது என்று மேத்தீஸ், ஷாங்க் ஆகியோரின் பர்க்கிலிக் குழு 1991-ஆம் ஆண்டில் காட்டியது.

அதிர்வுகள் சொல்லும் செய்தி

இரண்டாம் துடிப்பில் எந்த நிறம் குறைந்தது, எது மிகுந்தது என்று பார்த்தால், மூலக்கூறு மாறிவிட்டது என்பது தெரியும். எந்த அணு எப்படி அசைந்தது என்பது தெரியாது. அதைச் சொல்ல வல்லவை அதிர்வுகள்.

மூலக்கூறின் அணுக்கள் வீணையின் நரம்பைப்போல் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இறுகக் கட்டிய நரம்பு விரைந்து அதிரும். தளர்ந்தது மெல்ல அதிரும். ரெட்டினாலில் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பு ஏறத்தாழ 22 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை நீண்டு சுருங்குகிறது. திருகும் இடத்தில் ஒட்டியிருக்கும் இரு ஹைட்ரஜன் அணுக்கள் ஏறத்தாழ 34 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை ஆடுகின்றன. சுருதி மாறினால் நரம்பு தளர்ந்தது என்று வீணை வாசிப்பவர் அறிவதுபோல, அதிர்வு மாறினால் எந்தப் பிணைப்பு தளர்ந்தது என்று நாம் அறியலாம்.

அதிர்வை ஒளியால் அறியும் வழியைக் காட்டியவர் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச்சிறு பகுதி, மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்ப ஆற்றலை இழந்தோ பெற்றோ நிறம் மாறி வருகிறது என்பதை அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கண்டனர். ஆனால் அவ்வாறு மாறுவது ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றே. இவ்வளவு மெலிந்த குரலை ஃபெம்டோ நொடி வேகத்தில் எப்படிக் கேட்பது? இரண்டு லேசர் துடிப்புகளை ஒருங்கே செலுத்தினால் அதிர்வு தூண்டப்பட்டு, அந்த மெல்லிய குரல் உரத்த குரலாகிறது. 2005-ஆம் ஆண்டில் குக்குரா, மேத்தீஸ் முதலியோர் இம்முறையை ரொடாப்சின்மீது கையாண்டனர். முதலில் விரைந்து இடம் மாறுவன அந்த ஹைட்ரஜன் அணுக்களே என்றும், எஞ்சிய உடல் ஆயிரம் ஃபெம்டோ நொடிக்குள் பின்தொடர்ந்து அமைகிறது என்றும் கண்டனர்.

நம் நாட்டிலும் இத்துறை தழைத்திருக்கிறது. 1933-இல் இராமன் இயக்குநராகப் பொறுப்பேற்ற அதே பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில், சிவா உமாபதியின் குழுவினர் அதிவிரைவு இராமன் இழப்பு நிறமாலை என்னும் முறையை உருவாக்கி 2009-இல் வெளியிட்டனர். மூலக்கூறு தானே உமிழும் ஒளி குறுக்கிட்டு அதிர்வின் குறியை மறைத்துவிடாதபடி, ஒளி குறையும் பக்கத்தை அளப்பது இம்முறையின் சிறப்பு.

இன்னொரு சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. கோயில் மணியை ஒருமுறை தட்டினால் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும். அதுபோல் அதிர்வைவிடக் குறுகிய துடிப்பால் தட்டினால் மூலக்கூறும் ரீங்கரிக்கும். 1994-இல் பர்க்கிலிக் குழுவினர் ரொடாப்சினைத் தட்டிவிட்டு உற்றுக் கேட்டனர். 550 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் ரீங்காரம் கேட்டது. வியப்பு யாதெனில், தட்டியது முடங்கிய மூலக்கூறை. ரீங்காரம் வந்ததோ நிமிர்ந்த மூலக்கூறிலிருந்து! தாளம் கலைவதற்குள் வேதியியல் மாற்றமே நடந்து முடிந்துவிட்டது. சூடேறிய மூலக்கூறு கண்டபடி துள்ளி, தற்செயலாய் நிமிர்வது அன்று இது. ஒழுங்கான ஓர் அசைவு, தொடங்கிய தாளத்திலேயே மறுகரை சேருகிறது.

இந்த ஒழுங்கைக் கொடுப்பது புரதம். ரெட்டினாலைப் புரதத்திலிருந்து பிரித்துக் கரைசலில் விட்டு ஒளியூட்டினால் திருகல் பலமடங்கு மெதுவாகிறது. ஒளியைப் பற்றியவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே நிமிர்கின்றன. புரதத்தின் குழிக்குள்ளோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிமிர்கின்றன. குழி முன்னரே மூலக்கூறைச் சற்றுத் திருகியபடி பிடித்து வைத்திருக்கிறது. ஒளி மீதியைச் செய்கிறது.

எங்கள் இருட்டறையில்

எங்கள் கூடத்தில் நான் கையாள்வது கண்ணின் ரொடாப்சின் அன்று. அது ஒருமுறை ஒளி பட்டால் வெளிறிவிடும். மிகுந்த உப்பில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் ஊதாநிறச் சவ்வில், ரெட்டினாலையே கொண்ட பாக்டீரியோரொடாப்சின் என்னும் புரதம் உண்டு. 1971-இல் ஊஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் இருவரும் இதை அறிவித்தனர். இதில் திருகுவது பதின்மூன்றாம் கார்பனின் பிணைப்பு. ஆகும் நேரம் ஏறத்தாழ 500 ஃபெம்டோ நொடி. திருகிய பின் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே பழகும் மாணவருக்கு ஏற்ற புரதம் இது.

நான் முதன்முதலாக ஓர் அழகிய அதிர்வைக் கண்ட இரவில் உறங்கவே இல்லை. மறுநாள் மூத்த மாணவர் ஒருவர், "புரதத்தை எடுத்துவிட்டு வெறும் உப்புநீரை வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்தேன். அதே அதிர்வு அப்படியே நின்றது! அது புரதத்தின் குரல் அன்று. அதை ஊற்றி வைத்த குப்பியின் குரல். கண்டதெல்லாம் தேடியதாகிவிடாது என்று அன்று படித்தேன்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

தோழர்கள் கேட்கலாம்: இத்தனை லேசரும் கண்ணாடியும் ஒரு மாலைக்கண்ணைக் குணப்படுத்துமா? குணப்படுத்தாது. அப்பத்தாவுக்குப் பார்வை தந்தது லேசர் அன்று, மருந்தும் உணவும். இந்திய அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டத்தை 1970-ஆம் ஆண்டே தொடங்கியது. திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 1990-இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. கண்ணைக் காக்கும் பொருள் உயிரையும் காக்கிறது.

ஆனால் எல்லா மாலைக்கண்ணும் உணவால் வருவதன்று. ஆப்சின் புரதத்தை ஆக்கும் மரபணுவில் பிழை இருந்தால் விழித்திரை சிறுகச் சிறுக அழியும் நோய் வரலாம் என்று 1990-இல் கண்டறிந்தனர். இந்நோய்க்கும் முதல் அறிகுறி மாலைக்கண்ணே; இதைக் கீரை தீர்க்காது. எனவே மாலையில் பார்வை மங்கினால் முதலில் மருத்துவரை அணுகவேண்டும். வைட்டமின் ஏ மிகுந்தாலும் நஞ்சாகும். தாமே வாங்கி விழுங்குதல் தகாது.

இத்தகைய நோயால் பார்வை இழந்த ஒருவரின் கண்ணில், பாசி இனத்திலிருந்து பெற்ற ஒளியுணர் புரதம் ஒன்றை மரபணு வழியாகச் சேர்த்து, தனிவகைக் கண்ணாடியை அணிவித்தபோது, மேசைமேல் இருந்த பொருள்களை அவரால் கண்டுகொள்ள முடிந்தது என்று 2021-இல் செய்தி வெளியாயிற்று. அந்தப் புரதத்தின் நடுவிலும் இருப்பது ரெட்டினாலே. எந்தக் குழி எப்படிப் பிடித்தால் அது நன்கு நிமிரும் என்ற அறிவு இத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படை. அந்த அறிவையே ஃபெம்டோ நொடித் துடிப்புகள் தேடித் தருகின்றன.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அப்பத்தாவின் அருகில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். ஃபெம்டோ என்ற சொல்லைக் கூறவில்லை. முடக்கிய கையைக் காட்டினேன், நீட்டியும் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முடங்கிக் கிடக்கிறது வெளிச்சம் பட்டா நிமிருது, அது இந்தக் கீரையிலிருந்து வருது, அவ்வளவுதானே கண்ணு? இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருக்கலாம். பாடம் கையில் இருந்தது. அதை வீட்டுச் சொல்லில் சொல்ல மட்டும் தெரியவில்லை. விஞ்ஞானம் பயிலும் தமிழ்த் தோழர்கள் ஒவ்வொருவரும் தாம் கற்றதில் ஒன்றையேனும் தம் வீட்டுத் திண்ணையில் வழங்கும் சொற்களால் எழுதி இவ்விதழுக்குத் தரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எந்த வீட்டில் யார் வாசற்படி தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்கிறார்களோ, யார் அறிவார்!